ஏரியல் மாமியும் காலி அலைவரிசையும்

சோதனை போட வந்த அதிகாரியை ஆரத்தி எடுக்காத குறையாக வரவேற்ற ஒரே பிரஜை, இந்தியாவிலேயே எங்கள் ஏரியல் மாமிதான்.

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தாள். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மொட்டை மாடியில் வடாம் காயவைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் மாமி நட்ட ஏரியல் கம்பிகள். கூடவே, அவளே செய்த ஒரு ரேடியோப் பெட்டி.

"அலைவரிசையெல்லாம் ஃபுல்லுங்கறா. சுத்தப் பொய்! சீட்ல துண்டைப் போட்டுட்டுப் போயிட்டான், ஆளே வரலை. என் பொட்டி காலி சீட்டாப் பார்த்து உட்காரும். துண்டுக்காரன் வந்தா எழுந்து வேற சீட்டுக்குப் போயிடும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்பாள் மாமி.

ஆனால் அனுமதியில்லாமல் அலை அனுப்புவது குற்றம். அதனால் மாமி பெட்டியை ஆன் செய்யவேயில்லை. அனுமதி கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டிட சொசைட்டி செக்ரட்டரி வீட்டு டி.வி.யில், கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவரில், படம் சிதறியது. "ஏரியல் மாமி வேலைதான் இது!" என்று புகார் கொடுத்துவிட்டார். அதற்கு மட்டும் உடனே ஆள் வந்தது.

"வாங்கோ, வாங்கோ! உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கேன்!"

கையில் மீட்டரோடு வந்த அதிகாரி திகைத்தார். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை. மாமி அவருக்குக் காபியைக் கொடுத்து, பாடத்தையும் ஆரம்பித்துவிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே சோதித்தார். பெட்டி ஊமையாக இருந்தது. செக்ரட்டரியின் கேபிளை எலி கடித்திருந்தது.

கிளம்பும்போது அதிகாரி சொன்னார்: "ஏம்மா, புதுசா ஒண்ணைச் சோதிச்சுப் பாக்கதுக்குன்னே தனி லைசென்ஸ் இருக்குல்லா? கொறஞ்ச பவர்ல, சின்ன ஏரியாவுல பண்ணிக்கிடலாம். நீங்க வேற செக்‌ஷனுக்கு எழுதியிருக்கீய."

மாமி உடனே பேனாவை எடுத்து, சரியான செக்‌ஷன் பெயரை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டாள்.

அவரே வழிகாட்ட, அனுமதி வந்தது. நிபந்தனை ஒன்றே: அலைவரிசைக்கு உரியவர் வந்தால் பெட்டி விலகியாக வேண்டும். விலகாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சோதனை நாள். தாராவியில் போன் சிக்னல் எட்டாத சந்தில் ஒரு டியூஷன் வகுப்பு. மொட்டை மாடியிலிருந்து மாமி பாடம் நடத்த, அது அங்கே திரையில் தெரிய வேண்டும்; அந்த வகுப்பு இங்கே எங்கள் திரையில் தெரியும். அதிகாரி எங்கள் பக்கத்திலேயே நின்று, அலைவரிசைக்கு உரியவராக நடித்து, அதே அலைவரிசையில் தன் கருவியை முடுக்குவார்.

"பொட்டி எழுந்துக்கலைன்னா என்னடா பண்றது?" என்று மாமி என்னைக் கேட்டாள்.

"எழுந்துக்கும் மாமி," என்றேன். ரேடியோவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஒளிவிலகல் பாடத்தின் நடுவே அதிகாரி கருவியை முடுக்கினார். படம் உறைந்தது. அவர் மீட்டரைப் பார்த்தார். மாமி அவரைப் பார்த்தாள். "ஒதுங்கிட்டும்மா!" என்றார். மறுநொடி, வேறொரு காலி அலைவரிசையில் படம் அசைந்தது.

அந்தப் பக்கம் ஒரு சிறுமியின் குரல்: "டீச்சர், சமஜ் மே நஹீ ஆயா. திரும்பச் சொல்லுங்க."

"சிக்னல் விட்டுப்போச்சாடி?"

"சிக்னல் பர்ஃபெக்ட் டீச்சர். நீங்க சொன்னதுதான் புரியல."

அதிகாரி சிரித்ததில் காபி புரையேறியது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இப்போது பக்கத்துச் சந்துகளிலும் சோதிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. கிங்ஸ் சர்க்கிளில் மாமி தென்பட்டால், ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பயந்து நான் எதிர்ச்சாரிக்குத் தாவிவிடுவேன். ஆனால் அவள் என்னைக் கவனிக்காமல் போய்விட்டால், மனசு கேட்காமல் நானே பின்னால் ஓடி, "மாமி, பொட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன்.