சிவபாதம் காப்பாற்றிய செம்பருத்தி

"இஞ்சருங்கோ, உது செத்துப்போச்சு. பிடுங்கிப்போட்டு மிளகாய்க் கண்டு வைப்பம்" என்றாள் தவமணி.

"முதல்ல வாயைக் கழுவும்" என்றார் அவள் கணவர் சிவபாதம்.

மே மாதம் பாதி போய்விட்டது. கனடாவின் ஸ்காபரோவில் அவர்கள் தெரு முழுக்கப் பச்சை. சிவபாதத்தின் வீட்டு முன்னால் மட்டும், போன வருடம் ஆசையாக வாங்கி நட்ட செம்பருத்தி, விளக்குமாற்றைத் தலைகீழாகக் குத்திவைத்ததுபோல் நின்றது. குளிரைத் தாங்கும் இனம் என்றுதான் கடையில் சொன்னார்கள். ஆனால் இந்த முறை விழுந்த பனியில் தபால்பெட்டியே மூன்று நாள் காணாமல் போயிருந்தது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் ஒரு கொப்பைச் சுரண்டினார். சரியாகத் தெரியவில்லை. கறிக்கத்தியை எடுத்துவந்து எல்லாக் கொப்புகளையும் சுரண்டினார்.

"அப்பா, முதல் செத்ததோ தெரியாது. இப்ப டெஃபினிற்லி டெட்" என்றாள் மகள் அட்சயா.

தோல் போன செடிக்குக் குளிருமே என்று கம்பளியால் சுற்றினார். அது தவமணி விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த கம்பளி. மூன்றாம் நாள் அதற்குள் ஓர் அணில் குடும்பத்தோடு குடியேறியது.

"சத்துக் காணாது. அதுதான்" என்று மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினார். விடிந்து பார்த்தால், மணத்துக்கு வந்த பூனையளவு ரக்கூன்கள் வேரைச் சுற்றிக் கிண்டிச் செடியைச் சாய்த்துவிட்டிருந்தன.

நிமிர்த்திக் கட்டினார். இனி ஆள் காவல்தான் என்று ஒரு கிழமை லீவு போட்டு, செடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். குடும்பமாக நயாகரா போவதற்கு வைத்திருந்த லீவு அது.

தவமணி பேச்சை நிறுத்தினாள். கதிரைக்குச் சாப்பாடு மட்டும் வந்தது.

லீவு முடிகிற நாள் அடிக்கொப்பில் கடுகளவு பச்சை. சிவபாதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தவம்! ஓடி வாரும்!"

தவமணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நானெண்டால் எப்பவோ எறிஞ்சிருப்பன். நீங்கள்தானப்பா காப்பாத்தினியள்."

இருபத்தாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. சிவபாதம் குப்பை வைக்கப் போகும்போதுகூட நெஞ்சை நிமிர்த்தித்தான் போனார்.

ஓகஸ்ற்றில் ஒரு பூ மலர்ந்தது. ஊதா நிறம், உள்ளங்கை அகலம். அந்த ஒற்றைப் பூவைப் பார்க்க உறவுக்காரர் பதினாறு பேரைக் கூப்பிட்டார். ரோல்ஸும் வடையும் தேநீரும் ஓடின.

கத்தி, கம்பளி, மீன் தண்ணீர், காவல் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல ரக்கூன் கரடியளவுக்கு வளர்ந்தது.

"செடியெண்டாலும் ஒரு உயிரெல்லோ? பக்கத்தில ஆள் இருந்து பாக்கவேணும்."

"இவர் லீவே போட்டவர்" என்றாள் தவமணி, தட்டை நீட்டியபடி, பெருமையாக. எல்லோரும் கை தட்டினார்கள்.

அஜக்ஸிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட தங்கை புஸ்பராணி பூவைக் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

"அட, உதே செடி எங்களிட்டயும் இருந்தது அண்ணை. செத்துப்போச்செண்டு ஏப்ரலில பிடுங்கி வேலியோரம் எறிஞ்சனாங்கள், இப்ப அங்க பூவை எண்ணி முடியேல்லை!"