கழட்டிக் காட்டுங்க

விக் கடைக்குள் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் முதலாளி. தன் கடைச் சரக்கை ஒரு நாளும் தன் தலையில் வைத்துப் பார்க்காத முழு வழுக்கை. உள்ளறையில் டேப், பசை, கத்தரிக்கோல் சகிதம் ஒட்டிவிடுகிற அக்கா. கண்ணாடி முன் சுழல் நாற்காலியில், தொப்பியை மடியில் கழற்றி வைத்துக்கொண்டு, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற வாடிக்கையாளர். கதவோரம், அவருக்குத் துணையாக வந்து, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்ட அவருடைய மச்சான். நடுவில், ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், விற்பனையாளன் காடு.

காடு என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். அவன் தலைக்குள் சீப்பை விட்டால் அது வெளியே வர நேரமாகும். அந்தத் தலையைப் பார்த்துத்தான் முதலாளி வேலை கொடுத்தார். ஒரே நிபந்தனை, அது சொந்த முடி என்று கடைக்குள் மூச்சுவிடக் கூடாது. "இதுவும் நம்ம சரக்குதான் சார், இழுத்துப் பாருங்க" என்று தலையைக் குனிந்து கொடுக்க வேண்டும். மூன்று வருடமாக வந்தவன் போனவன் எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டான். யார் கையோடும் எதுவும் வரவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரரும் இழுத்தார். கியர் போட்டுப் பழகிய கை. காட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு, கார் ஜன்னலில் காற்றடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க, டேபிள் ஃபேனை முழு வேகத்தில் அவன் முகத்துக்கு நேரே வைத்தார். குவளைத் தண்ணீரை உச்சியில் ஊற்றினார். எல்லாம் முடிந்து திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பிரமாதம். இப்ப கழட்டிக் காட்டுங்க."

நேற்றுதான் ஒட்டியது, நாலு வாரத்துக்குத் தொடக் கூடாது என்றான் காடு.

"நீலத் தண்ணியைத் தடவினா எப்ப வேணா மூணே நிமிஷத்துல வலிக்காம வந்துரும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தான். பாட்டிலைத் தூக்கிக் காட்டி மூன்று முறை சொல்லியிருந்தான்.

"கழட்டறதைப் பார்க்காம நான் எதையும் ஒட்டிக்க மாட்டேன் தம்பி. எங்க சங்கத்துல என்னை மாதிரி பதினேழு தலை இருக்கு. நான் சரின்னு சொன்னா அத்தனையும் இங்கதான் வரும்."

பதினேழு என்று காதில் விழுந்ததும் முதலாளி எழுந்தார். சாருக்கு ஒரு நிமிடம் என்று சொல்லி, காட்டை முதுகில் கை வைத்து உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தப் பதினேழும் போச்சுன்னா, நீயும் அதுங்க கூடவே போயிடு."

வேறொரு நாளாக இருந்தால், சரி என்று சட்டையை உதறிக்கொண்டு கிளம்பியிருப்பான். இன்றைக்கு முடியாது. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவன் ஸ்கேன் சென்டர் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். ஒன்றரை வருடக் காதல். அவளுடைய அப்பா அவனை முதல்முறையாகப் பார்க்கப்போகிறார். காலையிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு விக்கைப் பின்பக்கம் முன்னாக வைத்து, ரொம்ப எடுப்பாக இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டான். அவள் போனில் சொன்னது காதிலேயே நின்றது.

"அப்பாவுக்கு உங்க மேல ஒரே ஒரு சந்தேகம்தான். நான் சமாளிச்சுட்டேன். நீங்க நாலு மணிக்கு வந்து நின்னா போதும்."

என்ன சந்தேகம் என்று கேட்பதற்குள் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். காடு தானே கண்டுபிடித்துக்கொண்டான். வேலை நிரந்தரமா என்பதுதான். பெண்ணைப் பெற்றவருக்கு வேறென்ன சந்தேகம் வரும்? ஆக, நாலு மணிவரைக்குமாவது இந்த வேலை அவனுக்கு வேண்டும்.

அக்கா யோசனை சொன்னாள். இருக்கிற முடியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் தோல் நிறத்தில் ஒரு காலுறையை இழுத்துவிட்டு, அதற்கும் மேல் பெரிய சைஸ் விக் ஒன்றைப் பொருத்தினாள். எடுத்தால் வழுக்கை மாதிரி தெரியும், தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

வெளியே போனபோது கதவு நிலை அவன் தலையில் இடித்தது. இடித்த இடம் உள்ளே போய்விட்டுத் திரும்ப எழும்பி வந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "உள்ள போகும்போது தலை இதுல பாதிதானே இருந்துச்சு?"

"இது காத்தோட்ட மாடல் சார்," என்றார் முதலாளி.

அவர் எழுந்து வந்து ஒரு விரலால் அமுக்கினார். மெத்தென்று இருந்தது. இன்னொரு முறை அமுக்கினார். அவருக்குப் பிடித்துவிட்டது.

"எனக்கு இதையே குடுங்க. ஆனா கிட்ட வந்து கழட்டணும். நான் தொட்டுப் பார்க்கணும்."

மறுபடியும் உள்ளறை. அக்கா முடி வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"வளர்ந்துடும்டா."

"நாலு மணிக்குள்ளயா?"

"நாலு மணிக்கு இங்கேர்ந்து ஒண்ணை ஒட்டிக்கிட்டுப் போ. உன் நிறம், உன் சுருள் எல்லாம் ஸ்டாக்ல இருக்கு. பெத்த அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாதுன்னு நீதானே ஊரெல்லாம் சொல்றே."

அவன் பேச்சே அவனை இரண்டாவது முறையாக மடக்கியது. முடி வளரும், வேலை வளராது என்று கணக்குப் போட்டு, காடு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினான். மெஷின் இருமுறை திணறி நின்றது. மூன்றாவது முறை வழி கிடைத்தது. அதன்பின் பிளேடு. அதன்பின், வேர்க்கால் கருமை தெரியாமலிருக்கப் பவுடர். அக்கா முடியைக் கூட்டி முறத்தில் ஒதுக்கினாள். மேடு கட்டி நின்றது. பிறகு அளவான விக் ஒன்றை எடுத்து வைத்தாள். அவசரத்தில் டேப்புக்குப் பதில் நாலு வாரப் பசையைத் தடவிவிட்டாள்.

வெளியே வந்து காடு நாற்காலிக்கு அருகில் மண்டியிட்டான். நீலத் தண்ணீரைத் தடவிக்கொண்டான். மூன்று வருடமாகத் தான் விற்றுக்கொண்டிருந்த அந்தத் தண்ணீர் எரியும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே எரிந்தான். மூன்றாவது நிமிடம் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. விக் கையில் வந்தது. தலை பல்பு மாதிரி மின்னியது.

டிரைவிங் ஸ்கூல்காரர் கைதட்டினார். முதலாளியும் தட்டினார். உள்ளறை வாசலில் நின்று அக்காவும் தட்டினாள். காட்டுக்குப் பெருமை தலைக்கு ஏறியது. அங்கே தடுக்க எதுவும் இல்லை.

அதுவரை வாய் திறக்காத மச்சான் செய்தித்தாளை இறக்கினார். மெதுவாக வந்து, சுட்டுவிரலை அவன் உச்சியில் வைத்துப் பார்த்தார். பவுடர் ஒட்டிய விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

"இது நோய்நொடியில வந்ததா தம்பி? இல்ல, வழிவழியா வர்றதா?"

வெற்றியில் இருக்கிறவன் நிறுத்துவானா?

"பரம்பரை சார். எங்க அப்பா, சித்தப்பா, அவங்க அப்பா, ஒருத்தருக்கும் முடி இருபத்தஞ்சு வயசைத் தாண்டல. ஆம்பளைப் பிள்ளை பொறந்தா அதுக்கும் இதேதான். இப்பவே ஒரு சின்ன சைஸ் எடுத்து வெச்சிருக்கேன்னா பாருங்க."

மச்சான் தலையாட்டினார். செய்தித்தாளை நாலாக மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் என்ன நினைத்தாரோ, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே எழுந்தார். கதவைத் திறந்து பிடித்தபடி மச்சான் திரும்பினார்.

"நாலு மணிக்கு வீட்டுக்கு வர வேண்டாம் தம்பி. 'அது அவரோட சொந்த முடிப்பா, கடைக்காகத்தான் பொய் சொல்றார்'னு என் பொண்ணு அடிச்சுச் சொன்னா. நானும் முக்கால்வாசி நம்பித்தான் வந்தேன்."

காடு உள்ளறைக்குப் பாய்ந்து, முறத்தில் குவிந்து கிடந்த தன் முடியை அப்படியே தூக்கிக்கொண்டு, அவர்கள் பின்னால் தெருவில் ஓடினான். டிரைவிங் ஸ்கூல்காரரோடு சேர்ந்து அந்தப் பதினேழு தலைகளும் தெருமுனையில் திரும்பி மறைவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, அவன் போன கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.