கடைசிப் பந்தியில் அமர்ந்த செயற்கைக்கோள்

கவலைப்படுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர் கொங்கு நாட்டில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் பந்தியார்தாம். அவரது இயற்பெயர் ஊதியப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

கருமத்தம்பட்டியை அடுத்த எங்கள் நிறுவனத்துக்கு விண்ணில் ஒரு செயற்கைக்கோள் இருந்தது. பிறருடைய ஆய்வுக் கருவிகளை அதில் ஏற்றி, அவற்றுக்கு மின்சாரமும் வெப்பமும் அளிப்பதே எங்கள் தொழில். மின்பங்கீடு பந்தியாரின் பொறுப்பு. அறிக்கை எழுதுவது என் பணி. திருமணப் பந்தியில் இலை இலையாக விசாரிப்பவரைப் போல, ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரம் சென்றதைத் திரையில் கண்ட பின்னரே அவர் தம் உணவுப் பெட்டியைத் திறப்பார். விடுப்பு நாளிலும் காந்திபுரத்துப் பேருந்தில் தொங்கியபடி அழைத்து, "ஏனுங்கய்யா, மூணாம் நம்பர் பொட்டிக்குச் சூடு பத்துதுங்களா?" என்பார்.

ஒரு முற்பகல், செயற்கைக்கோள் சூரியனை விட்டு முகம் திருப்பிக்கொண்டது. அது மீண்டும் திரும்பி முடிக்கும்வரை மின்கலம் தாங்காது. அன்னூர் ஆய்வாளர் ஒருவர் மூன்றாண்டுகள் வளர்த்த பாசி, செயற்கைக்கோளின் ஒரு பெட்டிக்குள் இருந்தது. வெப்பம் நின்றால் உறைந்து மடியும். அவ்வம்மையார் அன்று எங்கள் அறையிலேயே அமர்ந்திருந்தார்.

எங்கள் மேலாளர் இளம்பெண். தாழ்ந்த குரலில், "பாசிப் பொட்டிய அணைச்சுப்போடுங்கண்ணா. சேட்டிலைட்டே போயிருச்சுன்னா என்னங்க பண்றது?" என்றார்.

"விருந்துக்கு வந்தவங்க எலையப் பாதியில எடுக்கறதுங்களா அம்மணி? ஊட்டுக்காரங்கதானுங்க கடைசிப் பந்தி. நம்ம கேமரா, நம்ம டிரான்ஸ்மிட்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி அனுப்பிப்போட்டேனுங்க" என்றார் பந்தியார்.

மேலாளர் நாற்காலியைப் பற்றிக்கொண்டார். அடுத்த சுற்றில் டிரான்ஸ்மிட்டர் தானே விழித்துப் பேசினால் உண்டு; இல்லையேல் செயற்கைக்கோளும் இல்லை, எங்கள் நிறுவனமும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் விண்ணிலிருந்து ஓசையே இல்லை. பந்தியாரோ அம்மையாருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான்காம் கோப்பையில் அம்மையாருக்கு ஐயம் பிறந்தது.

"என்ற பாசிக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"நல்லா இருக்குதுங்க. பிஸ்கட் எடுத்துக்குங்க."

பிஸ்கட் தட்டை அவர் நீட்டியதோ திரையின் பக்கம்.

குறித்த நேரம் கடந்தது. திரை வெறுமையாகவே இருந்தது. பந்தியார் ஐந்தாம் கோப்பையை நீட்டினார், அம்மையார் வாங்கவில்லை. அப்போது எண்கள் ஒரு வரியாக ஊர்ந்து வந்தன. பாசிப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

கடிந்துகொள்ள வாய் திறந்த மேலாளர் அழுதுவிட்டார். பந்தியார் ஆறிப்போன தம் உணவுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "நீங்க இன்னும் சாப்புடலீங்களேய்யா" என்றார்.

அவர் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார். ஆயினும், விண்ணிலுள்ள விருந்தினர் அனைவரும் நலம் என்று திரை சொல்லும்வரை, என் உணவுப் பெட்டி இன்றும் மூடியே கிடக்கிறது.