போத்தலின் அடியைப் பார்ப்பவர்

போத்தல் சேர்ப்பவர் என்றொரு இனம் உண்டு. நம் கடற்கரையில் அவர்களை அடையாளம் காண்பது லேசு. மற்றவர்களுக்குச் சோடாப் போத்தலின் வாய்தான் தேவை, இவர்களுக்கு அடி. பாலாவியில் லொறிச் சாமான் கடை வைத்திருக்கும் உசனாரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக, கல்யாண வீடோ மையித்து வீடோ, ஸலாம் சொன்ன கையோடு மேசையிலுள்ள போத்தலைத் தூக்கிக் கவிழ்த்து, அடிக்கண்ணாடியில் எந்தக் கம்பனி, எந்த ஊர் என்று வாசித்துவிட்டுத்தான் கதிரையில் உட்காருவார். ஒருமுறை போத்தலில் சோடா இருந்தது. பக்கத்தில் மௌலவியின் மடி இருந்தது.

பழைய போத்தல் எடுக்க வருகிறவனாவது பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தந்துவிட்டுப் போவான். உசனார் சரித்திரம் தருவார். கழுத்துக்குள் கண்ணாடிப் போளை உருளும் போத்தல், கம்பி மூடிப் போத்தல், எழுத்துப் பிழையோடு வார்க்கப்பட்டதாலேயே பெருமை பெற்ற போத்தல் என்று அவர் அலுமாரியில் முந்நூறு நிற்கின்றன. உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. பார்க்க வந்தவருக்கு ஒரு மிடறு சோடா கிடைக்குமா? அது கடையில் கிடைக்கும் என்பார்.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம், கரைத்தீவில் சாரா உம்மாவின் குசினியில் அவர் கண்ணில் பட்டது அந்த இளம்பச்சைப் போத்தல். மன்னாரில் எப்போதோ மூடிப்போன ஒரு சோடாக் கம்பனியுடையது. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரைவிட்டு விரட்டப்பட்டுச் சாரா உம்மா வள்ளத்தில் வந்தபோது பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் வந்தது அதில்தான். இப்போது தேங்காயெண்ணெய் இருந்தது.

"இது மன்னார்ப் போத்தலெல்லோ. இங்க எப்பிடி வந்திச்சி?"

"நானும் மன்னார்தானே, நானா," என்றார் சாரா உம்மா.

போத்தலைச் சும்மாவே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கம்பனியில் சோடாவுக்குக் காஸ் அடித்தவர் அவருடைய வாப்பா. போத்தல் வெடித்து ஒரு விரலையும் அங்கேயே விட்டவர். அவருடைய படம், பத்திரம் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. போத்தலுக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி வைத்தால் போதும். பெயரையும் சொன்னார். உசனார் அடியை வாசித்துக்கொண்டே தலையாட்டினார்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடக் கண்காட்சியில் முந்நூற்றொரு போத்தல்கள் அணிவகுத்து நின்றன. சாரா உம்மா மகள் மர்ளியாவோடு வந்து, அட்டையை வாசிக்கச் சொன்னார். ஊர்: மன்னார். நிறம்: இளம்பச்சை. உயரம்: ஒன்பதேகால் அங்குலம். கிடைத்த இடம்: ஓர் அகதி வீடு.

"வாப்பாட பேர் எங்க, நானா?"

அட்டையில் இடம் போதவில்லை என்றார் உசனார்.

"நாலெழுத்துத்தானே."

அடுத்த கிழமை கட்டாயம் எழுதிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். எழுதுவதென்றால் மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் மறந்தது தெரிந்துவிடும். ஆகையால், கரைத்தீவுப் பக்கம் அருமையான போத்தலொன்று இருக்கிறதென்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் அவருக்கு முழங்கால் வலிக்கிறது. அந்த நாலெழுத்து இன்றுவரை அவரிடம் கடனாகவே நிற்கிறது.

உசனாரை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போத்தலின் நிறம் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். சாரா உம்மா வாப்பாவின் பெயரைச் சொன்னபோது, அது என்ன பெயர் என்று நீங்களும் கேட்கவில்லையே?