ராணியின் பல்லக்கில் தலைமை எழுத்தர்

"இதையா பழைய தலைநகரம்னு வாய் கிழியச் சொன்னாங்க?" என்று அரண்மனை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் தலைமை எழுத்தர். "சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் துப்பில்ல. இவனுங்க ராஜ்யம் ஆண்டானுங்களாம்."

அலுவலகத்திலும் அவர் இப்படித்தான். யார் எதைச் செய்தாலும் நொட்டை. காபி குடிப்பவனைக்கூட நிம்மதியாகக் குடிக்க விடமாட்டார்.

"இந்த வருஷமும் எங்கயும் கூட்டிட்டுப் போகலைன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி மிரட்டியதால், நேற்று மேனேஜருக்குப் போன் போட்டு, நாலு தடவை இருமிக் காட்டி, கடும் காய்ச்சல் என்று புளுகியிருந்தார். அவருடைய பதவி உயர்வுக்கு மேனேஜர் சிபாரிசு எழுதவேண்டிய வாரம் அது.

தர்பார் மண்டபத்துக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில், கழுத்தில் கேமராவோடு, மேனேஜர்.

"போச்சு. பார்த்தாருன்னா சீட்டு கிழிஞ்சிடும்."

தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். தூண் ஒல்லி, தொந்தி பெரிசு. மனைவியின் சால்வையைப் பிடுங்கி முக்காடு போட்டுக்கொண்டார். இப்போது பார்க்கத் திருடன் மாதிரியே இருந்ததால் காவலாளி பின்னாலேயே வர ஆரம்பித்தான். அவனிடமிருந்து தப்பிக்கப் பக்கத்து அறைக்கு ஓடினார். கயிறு கட்டி வைத்திருந்த ராணியின் பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துவிட்டார்.

"என்னங்க, ராணி பல்லக்குல உங்களுக்கு என்ன வேலை?"

"கத்தாதடி."

"நான் எங்கங்க கத்துறேன்? பல்லக்குதான் கத்துது."

அந்த ராணி மெலிந்தவளாக இருந்திருக்க வேண்டும். பல்லக்கு முறிந்து, திரையும் கூரையுமாகத் தலைமை எழுத்தர் தரைக்கு வந்தார். காவலாளி விசில் ஊதினான். கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு முன்னால் மேனேஜர்.

வேறு வழி தெரியாமல் கண்ணைச் செருகிக்கொண்டார். "ஐயோ, காய்ச்சல்... நான் எங்க இருக்கேன்? டாக்டர்..."

"ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினோம் சார். வழி மாறிடுச்சு" என்றாள் மனைவி, தன் பங்குக்கு.

மேனேஜர் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய், திரும்பி விறுவிறுவென்று நடந்தார். அவர் பின்னாலேயே கணக்கர், காசாளர், தட்டச்சுக்கார அம்மா என்று பாதி அலுவலகம் ஓடியது. கடைசியாக நழுவப் பார்த்த பியூனின் சட்டையைத் தலைமை எழுத்தர் எட்டிப் பிடித்தார்.

"ஏன்யா, ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க மொத்த ஆபீஸுமா கிளம்பி வரணும்?"

பியூன் தலையைச் சொறிந்தான்.

"உங்களைப் பிடிக்க யாரு சார் வந்தா? நீங்க என்னிக்கு லீவு போடுவீங்க, நாங்க நிம்மதியா ஒரு டூர் போகலாம்னு ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருந்தோம்."