ஊதினால் சுற்ற வேண்டும்

தாணப்பன் பட்டுத்துணியின் ஓரத்தை இரண்டு விரலால் அரை அங்குலம்தான் தூக்கியிருப்பான். அடுக்களைக்குள்ளிருந்து ராஜியின் குரல் வந்தது.

"கைய எடுங்க."

"நான் எங்க எடுத்தேன்? துணி சுருங்கிக் கெடந்து. நேராட்டு இழுத்து விட்டேன்."

"துணி நேராட்டுத்தான் கெடக்கு. பூஜைக்கு வெச்சத நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும். அதுக்கு முன்ன கை வெச்சா நான் எங்க வீட்டுக்குப் போயிருவேன்."

ராஜியின் அம்மா வீடு அடுத்த தெருவில்தான். ஆனாலும் அவள் போனால் மத்தியானச் சாப்பாடும் கூடவே போய்விடும் என்பதால் தாணப்பன் கையை எடுத்தான்.

அன்று சரஸ்வதி பூஜை. முன்னறையில் வாழையிலை விரித்து அவனுடைய ஸ்பேனர், திருப்புளி, குறடு, கட்டர் எல்லாவற்றையும் சந்தனம் பூசிப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ராஜியின் அரிவாள்மணையும் கத்திரிக்கோலும். அதற்கும் பக்கத்தில் பிள்ளைகளின் புத்தகம், பென்சில், பசை, ஸ்கேல். வேலை செய்கிற பொருளையெல்லாம் சாமி முன்னால் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, நாலு வயது அப்பு நகவெட்டியையும் அப்பாவின் ஷேவிங் செட்டையும் டிவி ரிமோட்டையும் கொண்டு வந்து வைத்திருந்தான். ரிமோட்டுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "இந்த வீட்டுல அதுக்காக்கும் கூடுதல் வேலை" என்றான்.

இத்தனைக்கும் மேலே ராஜியின் கல்யாணப் பட்டு. ஒரு மூலையில் மட்டும் துணி கூம்பாக எழும்பி நின்றது.

"அதென்ன மக்களே, உயரமாட்டு?"

"எனக்க தண்ணி பாட்டில்" என்றாள் ஒன்பது வயது சிவப்ரியா.

"தண்ணி பாட்டிலுக்கு எதுக்கு பூஜை?"

"அதும் தெனமும் பள்ளிக்கூடம் போகுதுல்லா."

கற்பூரம் அணைந்து, சுண்டல் பாதி தீர்ந்த பிறகுதான் சிவப்ரியா அந்த விஷயத்தைச் சொன்னாள். நாலாம் வகுப்புக்குக் காலாண்டு லீவில் ஒரு புராஜக்ட் உண்டு. காற்றாலை செய்து கொண்டுபோக வேண்டும். ஊதினால் சுற்ற வேண்டும். பள்ளி திறந்ததும் டீச்சர் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஊதிப் பார்ப்பார்.

"லீவு விட்டு எட்டு நாளாச்சே. இப்பத்தான் சொல்லுவியா?"

"இப்பத்தான் நெனப்பு வந்துப்பா."

நாளைக்குக் காலையில் பூஜை எடுத்ததும் தாணப்பன் முப்பந்தல் காற்றாலைகளுக்கு டியூட்டிக்குப் போக வேண்டும். மூன்று நாள் கியர்பாக்ஸ் வேலை. வீடு திரும்பும்போது பள்ளி திறந்திருக்கும். ஆகவே இருப்பது இன்று ஒரு பகல். வீட்டிலோ வெட்டுகிற பொருள், ஒட்டுகிற பொருள், முறுக்குகிற பொருள் ஒன்றுகூட வெளியே இல்லை.

"கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுமா, அப்பாக்கு காத்தாலைல வேலைன்னு?" தாணப்பன் மெல்லக் கேட்டான்.

"தெரியாதா பின்ன? அப்பாவ வெச்சே செய்யணும்னு அஞ்சலி ஒத்தக் கால்ல நிக்கா."

அஞ்சலி பக்கத்து வீட்டுப் பெண். சிவப்ரியாவின் வகுப்புத்தான். தாணப்பனுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. பதினைந்து வருஷமாக எண்பது மீட்டர் கோபுரத்தின் உச்சியில் நின்று, தேங்காய்ப் பருமனில் இருக்கும் நட்டுகளை முறுக்குகிறவன் அவன். ஒரு நாலாம் வகுப்பே அவனை நம்பி இருக்கிறது.

"நீங்க செய்யப் போறீங்களா?" ராஜி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், போன வருஷம் தாணப்பன் அடித்த அலமாரிப் பலகை தெரிந்தது. அதில் வைக்கிற டப்பாக்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தானாக நகர்ந்து ஒரு மூலையில் கூடிவிடும். கடைசி டப்பா விழாமல் இருக்க ராஜி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள்.

"ஏன், எனக்குச் செய்யத் தெரியாதா?"

"நான் ஒண்ணும் சொல்லல. செங்கல்லு இன்னொண்ணு பொறவாசல்ல கெடக்கு."

இனி விட முடியாது. மானப் பிரச்சினை.

பிஸ்கட் அட்டைப்பெட்டியை எடுத்துத் தாணப்பன் பல்லால் கடித்துக் கிழித்தான். மூன்று இறக்கைகள் வந்தன. ஒன்று வாழையிலை மாதிரி, ஒன்று மீன் மாதிரி. மூன்றாவது எதைப் போலவும் இல்லை. ஒட்டுவதற்குப் பசை வேண்டும். வீட்டில் பிசுபிசுப்பாக இருந்தது சர்க்கரைப் பொங்கல் ஒன்றுதான்.

"அப்பா பிரசாதத்த ஒட்டுதாரு" என்று அப்பு அறிவித்தான்.

"சத்தம் போடாத. சாமி காரியமாக்கும்."

பொங்கல் நன்றாகவே பிடித்தது. காயட்டும் என்று வாசலில் வெயிலில் வைத்துவிட்டு அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள், தெருவிலிருந்த எறும்பு அத்தனையும் காற்றாலைக்குக் குடிவந்திருந்தது. கோழி ஒன்று எறும்பைக் கொத்த வந்து, மீன் இறக்கையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டது. அப்பு கைதட்டிக் குதித்தான். இதைவிட நல்ல லீவு அவனுக்கு வந்ததே இல்லை.

தாணப்பன் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனான். அஞ்சலியின் அப்பா குமாரதாஸ் மரவேலைக்காரன். அவன் செய்த கட்டில் நாலு பிள்ளைகள் ஏறிக் குதித்தாலும் அசையாது என்று ஊரில் சொல்வார்கள். அன்று குமாரதாஸ் ஒட்டுமொத்தப் பட்டறைக்கும் படுதா கட்டியிருந்தான். எப்போதும் காதில் செருகியிருக்கும் பென்சிலும் பூஜைக்குப் போய்விட்டதால் ஆளே வேறு யாரோ மாதிரி இருந்தான்.

"ஒரு சின்ன உளி வேணும்வே."

"உளி அங்கண இருக்கு. கும்பிடலாம். எடுக்கப்படாது."

"சரி, ஒரு பிளேடு?"

"பிளேடும் கும்பிடத்தான்." குமாரதாஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "நேத்தே ஒரு வார்த்த சொல்லப்படாதா? ரெண்டு மணிக்கூறுல தேக்குல செஞ்சு தந்திருப்பேனே. இப்பவும் என்ன, நாளைக்கு பூஜை எடுத்ததும்..."

"அப்பா, நீங்க வேண்டாம்." கதவுக்குப் பின்னாலிருந்து அஞ்சலி பாய்ந்து வந்தாள். "தாணப்பன் மாமாவே செய்யட்டும்."

"ஏண்டி?"

"காத்தாலைல ஏறது மாமாதானே? மாமா செஞ்சாத்தான் சரியாட்டு வரும்."

குமாரதாஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. தாணப்பனுக்கு நெஞ்சு இன்னும் இரண்டு அங்குலம் விரிந்தது. வெறும் கையோடுதான் திரும்பினான். ஆனால் ஓடித் திரும்பினான்.

கோபுரம் முதலில். இறக்கை பிறகு. அதுதானே முறை. கோபுரத்துக்கு ஒரு குழாய் வேண்டும். பின்வாசலில் துவைகல் பக்கத்தில் முழ உயரத்துக்கு ஒரு பிவிசி குழாய், தலையில் தண்ணீர் திறக்கும் பைப்போடு நின்றது. ஸ்பேனர் இல்லாமலே, வெறும் கையால், பல்லைக் கடித்துக்கொண்டு தாணப்பன் அதை முறுக்கினான். கழன்றும் வந்துவிட்டது.

"பாத்தியா" என்றான் மகளிடம்.

அப்போதுதான் தண்ணீர் வந்தது. மாடித் தொட்டியில் இருந்த ஐந்நூறு லிட்டரும் இந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தது போல, ஆள் உயரத்துக்குப் பீச்சி அடித்தது. அப்பு உடையோடு உள்ளே சாடினான். சிவப்ரியாவும் பின்னாலேயே சாடினாள். கொடியில் காய்ந்த துணி, விறகு, கோழி எல்லாம் நனைந்தன. தாணப்பன் உள்ளங்கையால் அடைக்கப் பார்த்தான். தண்ணீர் திசை மாறி அடுக்களை ஜன்னல் வழியாக உள்ளே போனது.

ராஜி நனைந்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"வால்வ அடைங்க."

"அடைக்கக் குறடு வேணும். ஒரே ஒரு குறடு, ராஜி. ஒரு நிமிசம். சாமி ஒண்ணும் நெனைக்காது."

ராஜி பட்டுத்துணி இருந்த அறையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு ஒரு வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"பிடியுங்க."

வேறு வழியில்லை. தாணப்பன் தோர்த்துத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கால் வைத்து, சன்ஷேடில் தாவி, ஏணி இல்லாமலே மாடிக்கு ஏறினான். அதில் மட்டும் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. தெருவே வேலியோரம் நின்று பார்த்தது. தொட்டிக்குள் கைவிட்டுத் தோர்த்தைச் சுருட்டி ஓட்டையில் திணித்ததும் தண்ணீர் நின்றது. வீட்டுக்கு இனி நாளை வரைக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் தாணப்பனுக்குக் கோபுரம் கிடைத்துவிட்டது.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. சுற்றுவதற்கு அப்புவின் பொம்மைக் காரிலிருந்து ஒரு சக்கரம். அப்பு தெரு கேட்க அழுதான். இரண்டு கை நிறையப் பொரி கொடுத்ததும் மிச்சம் மூன்று சக்கரத்தையும் அவனே பிடுங்கிக் கொண்டு வந்தான். ஒட்டுவதற்கு ராஜியின் ஸ்டிக்கர் பொட்டு, மூன்று அட்டை. இது சிவப்ரியாவின் யோசனை. மிச்ச அட்டையில் கிழித்த புது இறக்கைகளில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு வைத்ததில் காற்றாலைக்கும் பூஜை போட்ட மாதிரி ஆனது.

கோபுரம் மட்டும் அலமாரிப் பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம் சாய்ந்து நின்றது.

"இரு மக்களே, நேராக்கிருதேன்."

"வேண்டாம்ப்பா. இப்படியே இருக்கட்டும்."

"பெயிண்ட் அடிச்சா கொஞ்சம் பாக்கும்படி இருக்கும்" என்றாள் ராஜி.

"ஐயோ வேண்டாம்மா. ரொம்ப அழகாட்டு ஆக்கிராதீங்க."

"பேரு எழுதணும்லா?"

"அத நாங்க பாத்துக்கிடுவோம்."

பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று தாணப்பன் உருகிப் போனான்.

ஊதினான். இறக்கை அசையவில்லை. நால்வரும் சேர்ந்து ஊதினார்கள். ஒரு பொட்டு விழுந்ததுதான் மிச்சம். ஆடி மாதம் என்றால் இந்த ஊரில் கொடியில் போட்ட சட்டையை ராதாபுரத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும். இப்போதோ காற்றும் காலாண்டு லீவில் போயிருந்தது. மலையடிவாரத்து நிஜக் காற்றாலைகளே கையைக் கட்டிக்கொண்டு நின்றன. தாணப்பன் சக்கரத்தின் அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டான். மறுபடி ஊதினான். முறத்தால் விசிறினான். முகம் சிவந்து, கண் பிதுங்கியது.

"போதும்ப்பா" என்றாள் சிவப்ரியா. அவள் குரலில் பயம் தெரிந்தது. "சுத்தலன்னா மார்க்கு கெடையாது."

அந்தக் குரல்தான் அவனை எழுப்பியது. காற்றாலையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடிக்கு ஏறினான். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து, படியில்லாத மாடியைப் பார்த்துக் கீழே கத்திக்கொண்டு நின்றார்கள். நாலு மணிக்கு மலைக்கணவாய்ப் பக்கம் வானம் கறுத்தது. மண்வாசனையோடு ஒரு காற்று மலையிலிருந்து இறங்கி வந்தது. இறக்கைகள் மெல்ல அசைந்தன. அரைச் சுற்றுச் சுற்றி நின்றன. பிறகு மூன்றும் கலந்து ஒரே சிவப்பு வட்டமாக, கடகடவென்று சுற்றின.

"சுத்துது, சுத்துது" என்று கீழே அப்பு வட்டமடித்தான். ராஜிகூடக் கரண்டியோடு முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலி கைதட்டிக் குதித்தாள். முதல் மழைத்துளி விழுந்தது. தாணப்பன் சட்டையைக் கழற்றிக் காற்றாலைக்குப் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே நின்றான். பதினைந்து வருஷத்தில் எத்தனையோ காற்றாலைகளைச் சுற்ற வைத்திருக்கிறான். இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மறுநாள் காலை, குமாரதாஸ் வீட்டுக் கிணற்றில் குளித்துவிட்டு வந்து, எல்லோரும் சாமி முன்னால் உட்கார்ந்தார்கள். தாணப்பன் அப்புவின் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுத வைத்தான். ராஜி கற்பூரம் காட்டிவிட்டுப் பட்டுத்துணியை எடுத்தாள்.

மூலையில் தண்ணீர் பாட்டில் இல்லை.

அங்கே ஒரு காற்றாலை நின்றது. ஐஸ் குச்சிகளை ஒட்டி, வெள்ளை அடித்து, ஊசி போல நேராக நின்றது. மூன்று இறக்கையும் ஒரே அளவு. அடியில் ஒரு குட்டிக் கதவும், மேலே ஏற ஒரு குட்டி ஏணியும்கூட இருந்தன. ஜன்னல் வழியே வந்தும் வராத காற்றுக்கே அது சுற்ற ஆரம்பித்தது. கீழே உருண்டை எழுத்தில் 'தா. சிவப்ரியா, நாலாம் வகுப்பு' என்று எழுதியிருந்தது.

"இது யாரு செஞ்சது?" தாணப்பன் குட்டி ஏணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"நான்தான். லீவு விட்ட அன்னைக்கே செஞ்சிட்டேன்." சிவப்ரியா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"அப்போ நேத்து நான் செஞ்சது?"

வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. அஞ்சலி பெரிய துணிப்பையோடு வந்து நின்றாள். ஓரத்தில் சாய்ந்து நின்ற பொட்டு வைத்த காற்றாலையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. குனிந்து, மூன்று இறக்கையையும் தொட்டுப் பார்த்து, பிள்ளையைத் தூக்குவது போல எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"கொள்ளாம் மாமா, நல்லாருக்கு. எனக்கு இதுபோலத்தான் வேணும்."

தாணப்பன் பைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"மக்களே, உனக்க அப்பா கைபட்டா மரம் பேசும். அவர விட்டுட்டு என்னட்ட எதுக்கு வந்த?"

"அப்பா செஞ்சா டீச்சர் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாங்க மாமா" என்றாள் அஞ்சலி. "நீங்க செஞ்சா நானே செஞ்ச மாதிரி இருக்கும்னு சிவப்ரியாதான் சொன்னா."