ஐந்தாவது ‘ஏன்’

உலக வரலாற்றில் பெரிய புரட்சிகள் எல்லாம் ரொட்டி கிடைக்காமலோ, உப்புக்கு வரி போட்டதாலோ தொடங்கியவை. ஒரு பூனைக்குட்டிக்கு வயிற்றால் போனதை முன்னிட்டுத் தொடங்கிய புரட்சி ஒன்றே ஒன்றுதான். அது 1986 ஆகஸ்டு மாதம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், தண்ணீர் பம்புக்கு மோட்டார் செய்யும் எங்கள் கம்பெனியில் நடந்தது. அதற்குச் செயலாளராக இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

என் பெயர் சுப்பராயன். டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவது என் வேலை. என் கையெழுத்தைப் பாராட்டாத மேனேஜர் இதுவரை வந்ததில்லை. எழுதத் தெரியாத தொழிலாளிக்கு மெமோ வந்தால் பதிலும் நான்தான் எழுதித் தருவேன். பல சமயம் அந்த மெமோவையும் நானே எழுதியிருப்பேன். கேள்வியும் பதிலும் ஒரே அழகில் இருக்கும்.

எங்கள் மேனேஜர் நரசிம்மன் மெட்ராசில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது ‘தர வட்ட’த்தோடு வந்தார். ஜப்பானில் மேனேஜரும் தொழிலாளியும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்களாம். பேசப் பேசப் பொருளின் தரம் உயர்கிறதாம். வந்த வேகத்தில் ஒரு ‘தூய்மை வாரம்’ நடத்தினார். குப்பை, உடைந்த ஸ்டூல், இதர வேண்டாதவை எல்லாம் சனிக்கிழமைக்குள் அகற்றப்பட்டன. அகற்றும் பொறுப்பும் என்னுடையதுதான். திங்கட்கிழமை முதல் வட்டம் கூடியது. அன்றிலிருந்து நான் முழுக்கைச் சட்டைக்கு மாறினேன். ஆகஸ்டு புழுக்கத்துக்கு அது ஏற்றதில்லைதான். ஆனால் செயலாளருக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?

மீட்டிங் அறை ரயில் பெட்டி மாதிரி நீளம். எட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டதில் முட்டை வடிவம் வந்தது. “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்” என்றார் மேனேஜர்.

தீர்க்க ஒரு பிரச்னை வேண்டும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், சீக்கிரம் எரிந்துபோகிறது என்றான் ஓவன் ஆபரேட்டர் கன்னியப்பன். அதற்குப் பூசும் வார்னிஷ் மட்டம் என்பது அவன் கட்சி. அந்த வார்னிஷை சப்ளை செய்கிறவர் முதலாளியின் மச்சான். அது பிரச்னை இல்லை என்று முடிவாயிற்று. சாம்பாரில் பருப்பு இல்லை என்றார் ஒருவர். கேன்டீன் நாகப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். அதுவும் பிரச்னை இல்லை என்று முடிவாயிற்று. தர வட்டத்தின் முதல் விதியே, ஆளைப் பார்க்காதே, பிரச்னையைப் பார் என்பதுதான். ஆனால் எந்தப் பிரச்னையைத் தூக்கினாலும் அடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

அப்போது பாஞ்சாலி உள்ளே வந்தாள். வடக்குப்பட்டிலிருந்து பெருக்க வருகிறவள். முந்தானை மடிப்பில் எதையோ பிடித்திருந்தாள்.

“சார், உங்களாண்ட இங்கி ஃபில்லர் ஒண்ணு இருந்தா குடுங்க.”

“ஸ்டோர்ஸுக்கு இன்டென்ட் எழுதிப் போடணும் பாஞ்சாலி” என்றேன்.

“அது வரைக்கும் இது தாங்காது சார்.” மடிப்பை விரித்தாள். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறக் குட்டி. கண் இன்னும் திறக்கவில்லை. பின்பக்கம் ஈரமாகப் பிசுபிசுத்துக் கிடந்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

“ஓவனாண்ட காட்டன் வேஸ்ட் பொட்டில மூணு கெடந்துச்சு. ரெண்டு வெறச்சுப் பூடுச்சு. இத்துக்கு மட்டும் உசுரு கீது.”

“தாய்ப் பூனை எங்கேம்மா?” என்றார் மேனேஜர்.

“அத்தத்தான் சனிக்கெழமலேந்து காணோம் சார்.”

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். “இது யார் டிபார்ட்மென்ட்?”

ஸ்டோர்ஸ் இல்லை என்றது ஸ்டோர்ஸ். தன்னுடையது இல்லை என்றார் நாகப்பன். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்கும் சம்பந்தமில்லாத, யார் தப்பும் இல்லாத ஒரு பிரச்னை தானாக நடந்து வந்திருக்கிறது என்பது மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. ‘பூனைக்குட்டியின் உடல்நலக் குறைபாடு’ என்று முதல் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. மற்ற இரண்டு குட்டிகளும் ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயங்கள் என்பதால் குறிப்பில் சேர்க்கவில்லை.

நாங்கள் தீர்மானம் எழுதி முடிப்பதற்குள் பாஞ்சாலி என் மேஜை மேலிருந்த ஃபில்லரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ‘கருவி வழங்கப்பட்டது’ என்று பதிவு செய்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வார்னிஷ் பூசிய காயிலைக் காயவைக்கும் ஓவனின் வெளிச்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தொழிலாளிகள் சாப்பாட்டு கேரியரை அதன் ஓரம் வரிசையாக வைப்பார்கள்; மத்தியானம் சோறு சூடாக இருக்கும். பாஞ்சாலி ஒரு பழைய கேரியரின் தட்டில் பஞ்சு பரப்பி, குட்டியைப் படுக்கவைத்து, அந்த வரிசையிலேயே வைத்துவிட்டாள். பன்னிரண்டரைக்குக் கன்னியப்பன் ஞாபகமில்லாமல் அதைக் கையில் எடுத்தான்.

“பாஞ்சாலி, என் சோறு கத்துதும்மா.”

“கத்துதா? நெசமாவா?” என்று ஓடி வந்தாள். காலையிலிருந்து அதன் முதல் சத்தம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை வட்டம் விஞ்ஞானத்தில் இறங்கியது. காரணங்களை மீன்முள் மாதிரி படம் வரைந்து கண்டுபிடிக்கும் ஜப்பானிய முறை ஒன்று இருக்கிறது. நான்கு கலரில் வரைந்தேன். நோயாளிக்குக் கண் திறக்காததால் அது அந்த மீனைப் பார்க்கவில்லை. ஊட்டம் போதவில்லை என்பது முடிவு. கேன்டீன் பவுடர் பாலை ஒரு வேளைக்கு அரை ஃபில்லரிலிருந்து இரண்டு ஃபில்லராக உயர்த்தத் தீர்மானித்தோம்.

“வாணாம் சார்” என்றாள் பாஞ்சாலி, கதவோரம் துடைப்பத்தோடு நின்று. “அத்தினியும் பின்னால வந்துடுது. அதுங்கொடலு தாங்காது.”

“டேட்டா இருக்காம்மா?” என்றார் மேனேஜர்.

“துணி இருக்கு சார். காட்டட்டா?”

காட்ட வேண்டாம் என்றார். அவள் பாலை நிறுத்திவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் அதன் அடிவயிற்றைத் தடவினாள். “தாயி நக்கிக் குடுக்கும் சார். நக்காங்காட்டி ஒண்ணுக்குக் கூட வராது.” தர வட்டத்தின் வழிகாட்டுதலில் நோயாளி தேறிவருவதாக அன்று எழுதினேன். சாயங்காலம் அவள் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

புதன்கிழமை காலை அது ஃபில்லரை வாயில் வாங்கவில்லை. தலை தொங்கியது. பத்து மணிக்கு வட்டம் அவசரமாகக் கூடியது. மேனேஜர் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். எந்தப் பிரச்னையையும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டால் வேர் தெரிந்துவிடுமாம். நான் சார்ட்டில் எழுதினேன்.

வயிற்றால் போவது ஏன்? கேன்டீன் பால் ஒத்துக்கொள்ளவில்லை. கேன்டீன் பால் ஏன்? தாய்ப்பால் இல்லை. தாய்ப்பால் ஏன் இல்லை? தாய் வளாகத்தில் இல்லை. தாய் ஏன் வளாகத்தில் இல்லை? சனிக்கிழமை போய்விட்டது.

ஐந்தாவது ‘ஏன்’ எழுதினேன். ஏன் போனது? மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் பேனாவுக்கு இங்கி போடலாம் என்று பார்த்தேன், ஃபில்லர் இல்லை.

“ஜப்பான்ல அஞ்சு” என்றார் மேனேஜர் கடைசியில். “நம்ம நாட்டுச் சூழ்நிலைக்கு நாலு போதும்.”

ஒருமனதாக நிறைவேறியது. நான் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். பாஞ்சாலி அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் யோசிக்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

“இன்னா சார் கையில? பூனை பொறண்டினாப்பல கீது.”

“ரோஜா முள்.”

“வூட்டுல ரோஜா வெச்சிக்கிறீங்களா?”

“இல்லை.”

அவள் துணியைப் பிழிந்தாள். “நீங்க டெய்லி எந்த ஸ்டாப்புல எறங்குவீங்க சார்?”

“சுங்குவார்சத்திரம்.”

கேட்ட தகவலைத் தர வேண்டும் என்பது தர வட்டத்தின் விதி. தந்தேன். மீதியையும் சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, சொல்லவில்லை.

அவள் குட்டியைக் கன்னியப்பனிடம் கொடுத்தாள். “மணிக்கொரு வாட்டி ரெண்டு சொட்டு. மல்லாத்திப் போட்டு ஊத்தாத, மூக்குல பூடும்.” அவன் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, சாப்பிடக்கூடப் போகாமல் ஓவன் ஓரம் நின்றான். ‘பாஞ்சாலி, வெளியேறியது 11.10, அனுமதியின்றி’ என்று நான் கடமை தவறாமல் எழுதினேன்.

இரண்டு நாற்பதுக்குத் திரும்பினாள். கையில் துள்ளும் சாக்கு. சாக்கின் மேல் எங்கள் கம்பெனி முத்திரை.

“பஸ் ஸ்டாப்பாண்ட டீக்கடையில பன்னு துன்னுக்கினு இருந்துச்சு சார். சாக்கும் அங்கியே கெடந்துச்சு.” சாக்கை என் காலடியில் அவிழ்த்தாள்.

சாம்பல் பூனை வெளியே வந்தது. என்னைப் பார்த்தது. முதுகை வளைத்துச் சீறிவிட்டு ஓவன் பக்கம் ஓடியது. முதலில் பஞ்சுப் பெட்டிக்குள் தலையை விட்டது. காலிப் பெட்டியை ரொம்ப நேரம் முகர்ந்தது. கன்னியப்பன் குட்டியைக் கீழே வைத்தான். தாய் அதைப் புரட்டிப் புரட்டி நக்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குட்டி மூக்கால் துழாவி, காம்பைப் பிடித்து, இரண்டு முன்னங்காலாலும் வயிற்றை அமுக்கி அமுக்கிக் குடித்தது. கம்பி சுற்றும் வைண்டிங் லைனில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். கன்னியப்பன் அழுதான்.

அக்டோபரில் மெட்ராசில் தர வட்டங்களின் மாநாடு. எங்கள் திட்டத்துக்குக் கேடயம் கிடைத்தது. நான்கு ‘ஏன்’களோடு நிறுத்திக்கொண்ட சிக்கனத்தை நடுவர்கள் தனியாகப் பாராட்டினார்கள், என் எழுத்தையும். போட்டோவில் எட்டுப் பேர் இருக்கிறோம். பாஞ்சாலி வட்டத்தின் உறுப்பினர் இல்லை.

கேடயம் வாங்கிய கம்பெனியில் நிலுவை இருக்கக் கூடாது அல்லவா? ரெஜிஸ்டரைப் புரட்டிய மேனேஜர் கண்ணில் 11.10 பட்டது. ‘13-8-86 அன்று பணியிடத்தை விட்டு ஏன் வெளியேறினாய்?’ என்று பாஞ்சாலிக்கு மெமோ போனது. வட்டம் பதில் சொல்லாமல் விட்ட ஐந்தாவது ‘ஏன்’ அவளிடம் கேட்கப்பட்டது. மெமோவை நான்தான் எழுதினேன். வழக்கப்படி பதில் எழுதவும் அவள் என்னிடமே வந்தாள்.

“எழுதுங்க சார். சுப்பராயன் சாரு சாக்குல கட்டி இட்டுக்கினு போயி வுட்ட பூனைய, நாலு நாளா அவரு திருப்பி இட்டாரல. அதால நான் போனேன்.”

“நான் மேனேஜர் ஆர்டரைத்தானே செய்தேன் பாஞ்சாலி? ‘பிராணிகளை அகற்றவும்’னு தூய்மை வார சர்க்குலர்லயே இருக்கு.”

“அத்தையும் எழுதுங்க.” என் பேனா முனையையே பார்த்தாள். “அது குட்டி போட்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா சார்?”

தெரியும். பெட்டிக்குள் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சாக்கின் வாயைக் கட்டினேன்.

“அத்தையும் எழுதுங்க சார்” என்றாள் அவள்.

எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பாஞ்சாலி கீழே கைநாட்டு வைத்தாள். அந்தக் கைநாட்டை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு படித்தால், மெமோ வந்தது எனக்குத்தான் என்று யாரும் சொல்வார்கள்.